இளவேனிலில் கட்டடப் பணியிடப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனிக் கடைசியில் தொடங்கி வைகாசி முடியும் வரை தமிழ்நாட்டில் கட்டட வேலை மும்முரமாக நடக்கும். மழைக்காலத்துக்கு முன் தளம் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. இந்த மாதங்களில் காலையும் மதியமும் வெயில் கொளுத்துகிறது. அதே நாள் மாலையில் புழுதிக் காற்றும் இடி மின்னலும் கோடை மழையும் வருகின்றன. வெயிலுக்குப் பயந்து வேலையை மாலைக்குத் தள்ளினால் இடியில் மாட்டுகிறோம். இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டியிருப்பதால், வீடு கட்டுபவர்கள், மேஸ்திரிகள், சைட் இன்ஜினியர்கள் அடிக்கடி கேட்பவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்துத் தந்திருக்கிறோம்.

வெயில் நேரத்தில் வேலையை எப்படிப் பிரிப்பது?

காலை 6 மணிக்குத் தொடங்கி 11.30-க்கு நிறுத்துங்கள். மதியம் 12 முதல் 3 வரை திறந்த வெயிலில் யாரும் இருக்கக் கூடாது. பிறகு 3.30 முதல் 6.30 வரை இரண்டாவது பகுதி. இந்த அளவுக்குப் பலரும் செய்கிறார்கள். தவறு நடப்பது எந்த வேலையை எப்போது வைக்கிறோம் என்பதில்தான்.

உயரத்தில் செய்யும் எல்லாவற்றையும் காலைப் பகுதியிலேயே முடியுங்கள்: வெளிச் சாரத்தில் பூச்சு, மேல்தளக் கம்பி கட்டு, தகரக் கூரை, கிரேனில் பலகை தூக்குவது. மாலைப் பகுதிக்குக் கீழ்த்தள வேலைகளை வையுங்கள்: உள் பூச்சு, டைல்ஸ், உள்ளே செய்யும் ஒயரிங், கம்பி வளைப்பது, பலகை சுத்தம் செய்வது. சித்திரை, வைகாசியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் கட்டும். அந்த நேரத்தில் ஆட்கள் தரையிலோ கூரைக்கு அடியிலோ இருந்தால் பாதி ஆபத்து இல்லை.

கொத்து வேலையைச் சதுர அடிக் கணக்கில் விடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓய்வு எடுத்தால் கூலி குறையும் என்றால் யாரும் ஓய்வு எடுக்க மாட்டார்கள். இந்த மாதங்களுக்கு ரேட்டில் ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அதைச் செய்யாமல் "வெயிலில் நிற்காதே" என்று போர்டு வைப்பதில் பயனில்லை.

பல வருடம் வெயிலில் வேலை செய்தவர்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பியவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடலில் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறைவாக வெளியேறும், இதயத் துடிப்பும் அளவாக இருக்கும். ஒரு வாரம் வெயிலில் வேலை செய்யாமல் இருந்தாலே இந்தப் பழக்கம் குறையத் தொடங்கிவிடும். ஹோலிக்குப் பீகாருக்கோ ஒடிசாவுக்கோ போய் வந்தவர், பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்குப் போன கொத்தனார், காய்ச்சலில் படுத்து எழுந்தவர் எல்லோரும் இதில் அடக்கம்.

முழுக்கப் புதிய ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்குதான்; ஒவ்வொரு நாளும் இன்னொரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு வேலை. அனுபவம் உள்ளவர் திரும்பி வந்தால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுவதும். மீதி நேரத்தில் நிழலில் செய்யும் வேலை கொடுக்கலாம். ரயிலில் இரண்டு இரவு வந்து இறங்கியவரை அன்றே மொட்டை மாடியில் ஏற்றாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர்? என்ன கொடுக்கலாம்?

வெயிலில் உழைப்பவருக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மி.லி. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை. தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிப்பதைவிட இது மேல். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது; வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவே மயக்கத்தில் கொண்டுபோய்விடும். இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 120 முதல் 160 லிட்டர் குடிநீர் வேண்டும். இரண்டு 20 லிட்டர் கேன் வாங்கி வைத்துவிட்டு "தண்ணீர் இருக்கிறது" என்று சொல்வது போதாது.

உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், எலுமிச்சைச் சாறு நல்லது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டிக் குடிக்கக் கூடாது. முந்தின இரவு மது குடித்தவர் காலையிலேயே நீர் வற்றிய உடலுடன்தான் வருகிறார் என்பதை மேஸ்திரி நினைவில் வைக்க வேண்டும்.

கழிப்பறையையும் இங்கேயே சொல்ல வேண்டும். மறைவான கழிப்பறை இல்லாத இடத்தில் சித்தாள் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் வெயில் மயக்கமும் அதனால் வருகின்றன. உள்தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை, எத்தனை கேன் குடிநீர் வாங்கினாலும் அதற்கு முன் இருக்க வேண்டியது.

கடற்கரை ஊரில் 36 டிகிரிதானே? கரூரில் 40 இருக்கிறதே!

வெப்பமானி எண் பாதி விஷயம்தான். வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற இடங்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழிந்து ஓடுமே தவிரக் காயாது. கடற்காற்று தாமதமாக வரும் நாட்கள் மிக மோசம். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் சமவெளிக்கு 40 டிகிரி, கடலோரத்துக்கு 37 டிகிரி என்று வெப்ப அலைக்கு வெவ்வேறு வரம்பு வைத்திருக்கிறது. அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கிறதா என்றும் பார்க்கும்.

ஒருவர் வெயிலில் சுருண்டு விழுந்தால் முதலில் என்ன செய்வது?

பேச்சைப் பாருங்கள். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, அதிக வியர்வை இருந்தும் தெளிவாகப் பேசினால் அது வெயில் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, கால்களைச் சற்றே உயர்த்தி, ஈரத் துணி போட்டு, ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். அன்றைக்கு அவருக்கு மறுபடி வேலை கிடையாது.

உளறல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு இருந்தால் அது வெப்பவாதம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கடின உழைப்பில் வரும் வெப்பவாதத்தில் உடம்பு நனைந்தே இருக்கும். ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர்கள் உடனே குளிர்விக்க வேண்டும். கட்டடத்தில் கியூரிங் ஹோஸ் (கான்கிரீட்டை நனைக்கும் குழாய்) எப்போதும் இருக்கும். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது சுடுநீர். அதை வடித்துவிட்டு, சட்டையைக் கழற்றி, தலை முதல் கால் வரை தொடர்ந்து தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது; ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா இருக்கக் கூடாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போகும். காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

இடி எவ்வளவு தூரத்தில் இருக்கும்போது இறங்க வேண்டும்?

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 நொடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் மின்னல் சுமார் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் மேலே ஏறலாம். மழை விட்டதும் ஏறுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மழை முடிந்த பின்னும் மின்னல் விழும். பத்து மாடிக் கட்டடத்திலிருந்து எல்லோரையும் இறக்கப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றால், 30 நொடிக் கணக்கு போதாது. மேற்கே வானம் கறுத்ததுமே மணி அடியுங்கள். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, அருகில் விழும் மின்னலைக் காட்டுகிறது. காவலாளி, மேஸ்திரி இருவர் போனிலும் இருக்கட்டும்.

ஒதுங்கும் இடம், தளம் போட்டு முடிந்த கட்டடத்தின் கீழ்த்தளம் அல்லது கண்ணாடி ஏற்றிய வண்டி. தகரக் கொட்டகை, புளியமரத்தடி, கிரேன் அடிவாரம், இரும்புச் சாரத்தின் அடி ஆகியவை ஒதுங்கும் இடங்கள் அல்ல. உள்ளே இருந்தாலும் வெளியே நீட்டியிருக்கும் கம்பிகளைத் தொடாமல் நில்லுங்கள்.

மின்னல் மீது பழி போடுவது எளிது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்து 61 பேர் இறந்தபோது, மின்னல் விழுந்ததுதான் காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. விசாரணை ஆணையமோ வடிவமைப்புக் குறைகளைச் சுட்டியது. மழையும் காற்றும் ஏற்கெனவே இருக்கிற பலவீனத்தை வெளியே கொண்டுவருகின்றன.

மழைக்கு முன் வரும் காற்றுக்கு என்ன ஏற்பாடு?

கோடை மழையில் சேதம் செய்வது பெரும்பாலும் மழைக்குப் பத்து நிமிடம் முன் அடிக்கும் காற்றுதான். மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையில் பரவுகிறது. அசையாமல் புழுக்கமாக இருந்த மாலை நொடியில் மாறிவிடும்.

சாரத்தில் கட்டும் பச்சை வலை காற்றைப் பாய்போலப் பிடிக்கும். வெறும் சாரத்துக்குப் போதுமான பிடிப்பு வலை கட்டிய சாரத்துக்குப் போதாது. உயரத்தில் 4 மீட்டருக்கு ஒன்று, நீளத்தில் 6 மீட்டருக்கு ஒன்று என்று கட்டடத்தோடு பிணைப்பது வழக்கமான அளவு. வலையோ தார்ப்பாயோ கட்டினால் பிணைப்பை நெருக்கமாக்க வேண்டும். எத்தனை என்பதைச் சாரத்தை வடிவமைத்த பொறியாளர் சொல்ல வேண்டும். பூச்சுக்காரர்கள் கைக்குத் தடையாக இருக்கிறது என்று பிணைப்பைக் கழற்றி விடுவார்கள். சாரம் சரியும் இடங்களில் இந்தக் கழற்றிய பிணைப்புதான் திரும்பத் திரும்பக் காரணமாக இருக்கிறது. ஏழு நாளுக்கு ஒரு முறையும், ஒவ்வொரு காற்று மழைக்குப் பிறகும் சாரத்தைப் பார்த்துக் கையெழுத்திட ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

மேல்தளத்தில் பிளைவுட், தகரம், தெர்மாகோல், காலி சிமெண்ட் பை எதுவும் கட்டாமல் கிடக்கக் கூடாது. மாலை 3 மணிக்கு ஒரு சுற்றுப் போய்க் கட்டி வைப்பதைத் தினசரி வேலையாக்குங்கள். புதிதாக எழுப்பிய நாலரை அங்குலச் சுவர், கைப்பிடிச் சுவர், காம்பவுண்ட் சுவர் ஆகியவை காற்றில் மொத்தமாகச் சாயும். ஒரே நாளில் 1 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள். இரண்டு பக்கமும் சாய்வு முட்டுக் கொடுங்கள். அதன் நிழலில் யாரும் மதியம் படுக்கக் கூடாது.

டவர் கிரேனுக்கு நிறுத்தும் காற்று வேகம் அதன் குறிப்பேட்டில் இருக்கும்; பெரும்பாலானவற்றுக்கு மணிக்கு 72 கி.மீ. ஆனால் அகலமான ஷட்டரிங் பலகையைத் தூக்கும்போது அதில் பாதி வேகத்திலேயே சுமை சுழலத் தொடங்கும். வேலை முடிந்ததும் கொக்கியில் சுமை இருக்கக் கூடாது. சுழலும் பிரேக்கை விடுவித்து, காற்றின் திசைக்குக் கை தானே திரும்ப விட வேண்டும். பூட்டி வைத்த கிரேன்தான் விழும். கிரேன் கையில் விளம்பரப் பலகை கட்டாதீர்கள்.

சவுக்குக் கம்புச் சாரம் வெயிலில் தளருமா?

தளரும். தேங்காய் நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். மழை நாளில் இறுக்கிக் கட்டிய முடிச்சு மூன்று நாள் வெயிலில் அசைய ஆரம்பிக்கும். பச்சைச் சவுக்கும் காயும்போது மெலியும். காலை ஏறும் முன் ஒவ்வொரு முடிச்சையும் கையால் ஆட்டிப் பாருங்கள்; வாரம் ஒரு முறை மறுபடி இறுக்குங்கள். இரண்டு மாடிக்கு மேல் இரும்புச் சாரம்தான் வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. நைலான் கயிறும் சேஃப்டி பெல்ட் பட்டையும் வெயிலில் வலுவிழக்கும். நிறம் வெளுத்து, தடவினால் பொடி உதிர்ந்தால் வெட்டி எறியுங்கள். ஓரமாக வைத்தால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் இறுகுகிறது. சென்ட்ரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) சீக்கிரம் பிரிக்கலாமா?

கூடாது. மேலே இறுகியது உள்ளே வலுவாகிவிட்டது என்று ஆகாது. இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச நாட்கள், சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு: பக்கவாட்டுப் பலகை 16 முதல் 24 மணி நேரம், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமின் முட்டுகள் 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். அது மெதுவாக வலுப்பெறும். கூடுதல் நாள் விட வேண்டும்.

இந்தப் பருவத்தில் அபாயத்தைக் கூட்டுவது லாரியில் தண்ணீர் சேர்ப்பது. ஆர்.எம்.சி. (ஆலையில் கலந்து வரும் கான்கிரீட்) லாரி போக்குவரத்தில் மாட்டி வந்தால் கலவை கெட்டியாகும். பம்பில் போகவில்லை என்று ஹோஸைத் திருப்புவார்கள். வலு குறைந்த அந்தத் தளத்தின் முட்டை வழக்கமான நாளிலேயே பிரிக்கும்போது விபத்து நடக்கிறது. கலவை கெட்டியானால் கலவை நிறுவனத்தின் ஆள் அதை இளக்கும் மருந்தைச் சேர்க்கட்டும், இல்லையென்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். போடும்போது கலவையின் வெப்பம் 40 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கினால் எல்லாமே எளிது. இரவு வெளிச்சமும் ஓரத்தில் கைப்பிடிக் கம்பியும் இருந்தால் மட்டும். வெயிலும் காற்றும் சேர்ந்த நாளில் தளம் போட்ட உடனே பிளாஸ்டிக் தாளால் மூடாவிட்டால் சில மணி நேரத்தில் வெடிப்பு விழும். நீராற்றுவது சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், பி.பி.சி.க்கு 14 நாள்.

முட்டின் அடியையும் பாருங்கள். காய்ந்த மண்மேல் வைத்த பலகை, மாலை மழையில் மண் ஊறியதும் இறங்கும். கான்கிரீட் போட்ட இரவு மழை பெய்தால் விடியும் முன் முட்டுகளைப் பார்க்க வேண்டும்.

அஸ்திவாரக் குழி வெயிலில் கல்லாக நிற்கிறதே, முட்டுப் பலகை எதற்கு?

காய்ந்த கரிசலும் களியும் செங்குத்தாக நிற்பது ஏமாற்று. வெயிலில் விட்ட வெடிப்புகளுக்குள் முதல் மழைத் தண்ணீர் இறங்கியதும் பாளம் பாளமாகச் சரியும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள் அல்லது பலகை முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிக் கொட்டுங்கள். ஏணி விளிம்புக்கு மேல் 1 மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல். இடுப்பு வரை புதைந்தவரைக் கையால் இழுக்க முடியாது. மார்பு வரை புதைந்தால் மூச்சு விட முடியாது. மழைக்கு மறுநாள் காலை முதல் ஆள் இறங்கும் முன் இன்ஜினியர் விளிம்பைச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் ஏன் அடுத்தடுத்து இறக்கிறார்கள்?

மூடிய சம்பில் ஈரப் பலகைகள் வாரக்கணக்கில் மக்குகின்றன. அந்த மக்கல் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை நிரப்புகிறது. வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. நாற்றம் இருக்காது. முதலில் இறங்கியவர் சில நொடிகளில் விழுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அவர் மேலேயே விழுவார்கள்.

மூடியை முந்தின நாளே திறந்து வையுங்கள். அது மட்டும் போதாது. ஊதுவிசிறியின் குழாயை அடிவரை இறக்கிக் குறைந்தது அரை மணி நேரம் காற்று அடித்து, வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்றிலும் அளவு பாருங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் இறங்கக் கூடாது. இறங்குபவர் உடலில் முழுப் பெல்ட், அதன் கயிறு மேலே முக்காலித் தாங்கியில், மேலே இருவர். ஆள் இருக்கும் வரை விசிறி ஓட வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. கோடை மழைத் தண்ணீரை இறைக்க டீசல் பம்பை உள்ளே இறக்கினால் அதன் புகையே கொல்லும். விழுந்தவரை மேலிருந்து கயிற்றால் இழுங்கள். கயிறு இல்லையென்றால் 101 அல்லது 112. யாரும் பின்னால் இறங்கக் கூடாது.

மழை விட்டதும் மின்சாரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

மெயினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒயர் இணைப்புகள் தண்ணீரில் கிடக்கின்றனவா, வைப்ரேட்டர், மிக்ஸர், கட்டிங் மெஷின் நனைந்தனவா என்று பாருங்கள். ஒவ்வொரு கைக்கருவி இணைப்புக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) வேண்டும், அதன் சோதனைப் பொத்தானை வாரம் ஒரு முறை அழுத்துங்கள். பிளக் இல்லாமல் ஒயர் முனையைச் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள்.

வீதியில் போகும் மின்கம்பி இன்னொரு பகை. கட்டடத்துக்கான முழு இரும்புக் கம்பி 12 மீட்டர் நீளம். முதல் மாடிக்குத் தூக்கும்போது ஒரு முனை சுழன்று உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டால், பிடித்திருப்பவர்கள் எல்லோரும் இறக்க நேரிடும். வெயிலில் மின்கம்பி நீண்டு கூடுதலாகத் தொய்ந்திருக்கும். அந்தப் பக்கத்தில் கம்பியைத் தேவையான அளவுக்கு வெட்டியே ஏற்றுங்கள். முன்கூட்டியே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தவோ மாற்றவோ செய்யுங்கள். அறுந்து விழுந்த கம்பி அருகே நின்றால் பாதங்களை ஒட்டி வைத்துத் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

பாம்பு, தேள்?

நிழலும் ஈரமும் தேடிச் செங்கல் அடுக்குக்கும் பலகைக் குவியலுக்கும் வரும். கையை உள்ளே விடாமல் கடப்பாரையால் புரட்டுங்கள். கியூரிங் சாக்கைக் காலால் மிதிக்காமல் கம்பால் தூக்குங்கள். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம்; கடித்த உறுப்பை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

தங்கும் கொட்டகையில் என்ன கவனிக்க வேண்டும்?

கீற்றுக் கொட்டகையும் வெல்டிங் பொறியும் ஒரே காற்றுத் திசையில் இருக்கக் கூடாது. சமையல் தனி இடத்தில். தகரக் கூரையாக இருந்தால் மேலே கீற்று அல்லது நனைத்த சாக்குப் போட்டு, எதிரெதிரே சன்னல் வையுங்கள். இரவில் தூங்காதவர் காலையில் சாரத்தில் தடுமாறுவார். லிஃப்ட் குழியிலும் பாத்தியிலும் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை வடியுங்கள், டெங்கு கொசு அதற்குள் வளர்ந்துவிடும்.

வெயிலால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு உதவி உண்டா?

தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்புக் காரணம் ஆவணத்தில் பதிவாக வேண்டும் என்பதால், உடலை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடாமல் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்யுங்கள். சம்பவ நேரம், அன்றைய வேலை, அன்றைய வெப்பநிலை மூன்றையும் எழுதி வையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு தனியானது. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே பதிவு செய்து, அட்டையின் நகலை மேஸ்திரியிடமும் ஒன்று கொடுத்து வையுங்கள்.